கடலில் ஒதுங்கிய குருணையும் தெருமுனைப் புகையும்: பிளாஸ்டிக்கில் எதற்கு முதலில் பயப்படுவது?

கேள்வி: 2025-இல் கேரளக் கடலில் சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு எங்கள் குமரி மாவட்டக் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. அன்றிலிருந்து மீன் வாங்கவே யோசனையாக இருக்கிறது. ரத்தத்தில் பிளாஸ்டிக், மூளையில் பிளாஸ்டிக் என்று செய்தி வேறு வந்துகொண்டே இருக்கிறது. இதில் எது உண்மை, எது பீதி? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதலில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் பயப்பட வேண்டியது புகைக்கு. குப்பையோடு குப்பையாகப் பிளாஸ்டிக்கைக் கொளுத்தும்போது வருகிறதே, அந்தப் புகைக்கு. அடுத்தது, கவரில் ஊற்றிக் கட்டித் தரும் கொதிக்கிற சாம்பாருக்கும் டீக்கும். மீன் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும். பாலிமர் வேதியியல் சொல்லிக்கொடுத்தே பிழைப்பு நடத்தியவன் என்ற முறையில் இந்த வரிசையைச் சொல்கிறேன். ஏன் இந்த வரிசை என்பதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும்.

கப்பலிலிருந்தே தொடங்கலாம். எம்எஸ்சி எல்சா 3, லைபீரியக் கொடி போட்ட கப்பல். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகிற வழியில் 2025 மே 24 அன்று சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் பிழைத்தார்கள். 640 கன்டெய்னர்கள் இருந்தன. சிலவற்றில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு கிளம்பும் கால்சியம் கார்பைடு, டாங்கியில் டீசலும் உலை எண்ணெயும். எல்லோருடைய கவலையும் கார்பைடு மேலும் எண்ணெய் மேலும் இருந்தது. கரைக்கு வந்து சேர்ந்ததோ மூட்டை மூட்டையாகப் பாலிதீன் குருணை. திருவனந்தபுரத்திலிருந்து குமரி வரை, அப்புறம் தனுஷ்கோடி வரைகூட அது போனது.

நர்டில் என்று செய்திகளில் சொன்னார்கள் இல்லையா, அதுதான் இந்தக் குருணை. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். குடம், கேரி பேக், பைப்பு எதுவானாலும் தொழிற்சாலைக்கு முதலில் இந்த வடிவத்தில்தான் பிளாஸ்டிக் வந்து சேர்கிறது. 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தால் லட்சக்கணக்கில் சிதறும். தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் மிதக்கும், காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் போகும். எண்ணெய் சிந்தினால் பத்து இருபது வருஷத்தில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். இதைத் தின்ன யாரும் இல்லை. இவ்வளவு இருந்தும், சர்வதேசக் கடல் போக்குவரத்து விதிகளில் இது அபாயகரமான சரக்காகக் கணக்கில்லை. நன்றாக மூட்டை கட்டுங்கள், மேல்தளத்தில் வைக்காதீர்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-இல் சொன்னது வெறும் பரிந்துரை, கட்டாயமில்லை.

அந்தப் பரிந்துரைக்கே காரணம் இலங்கையில் நடந்த விபத்துதான். 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற புத்தம் புதுக் கப்பல் தீப்பிடித்தது. அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. ஒரு கன்டெய்னரில் அமிலம் கசிவது முன்னரே தெரிந்து, இறக்கிவிடலாம் என்று கத்தாரிலும் குஜராத்தின் ஹஜிராவிலும் கேட்டிருக்கிறார்கள்; இரண்டு துறைமுகமும் எடுக்கவில்லை. எரிந்துகொண்டே இருந்த கப்பலை ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துப் போக முயன்றபோது பின்பக்கம் தரைதட்டியது. சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. உலகில் பதிவான குருணைச் சிதறல்களில் இதுவே பெரியது என்று ஐ.நா. குழு எழுதியது. களுத்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடிக்கத் தடை. தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிற அந்த மீனவர் ஊர்களில் படகுகள் கரையிலேயே கிடந்தன. நூற்றுக்கணக்கான ஆமைகளும், கூடவே பல டால்பின்களும் செத்து ஒதுங்கின. சரக்குவ கடற்கரையில் குருணை மணலை மூடிக் கிடந்தது; அதைச் சல்லடை வைத்துச் சலிக்கும் வேலை மாதக்கணக்கில் நீண்டது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. தர மாட்டோம் என்று செப்டம்பரிலேயே கப்பல் கம்பெனி சொல்லிவிட்டது. எல்சா 3 வழக்கில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டிருக்கிறது. அதன் கதி என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

கொழும்பில் ஆய்வாளர்கள் கவனித்த ஒரு விஷயம் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். கரையில் இரண்டு வகையாகப் பிளாஸ்டிக் கிடந்தது. ஒன்று எரியாத வெள்ளைக் குருணை. இன்னொன்று தீயில் உருகிக் கருகி, பார்த்தால் கல் என்றே தோன்றும் கட்டிகள். பரிசோதித்தபோது எரிந்ததில் இருந்த வேதிப்பொருட்களின் கலவை, எரியாததைவிடக் குறைந்தது மூன்று மடங்கு சிக்கலாக இருந்தது. எரியாத பாலிதீன் ஏறக்குறைய மந்தமான பொருள். நீளமான கார்பன் சங்கிலி, அவ்வளவுதான்; சுலபத்தில் எதோடும் வினை புரியாது. தீ வைத்தால்தான் அதன் குணம் மாறுகிறது.

மந்தமான பொருள் என்பதால் கடலுக்குக் கேடில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குருணை பார்வைக்கு மீன் முட்டை போலவே இருப்பதால் மீனும் பறவையும் தின்கின்றன. வயிறு நிறைந்துவிடும், சத்து இருக்காது. அதோடு கடல்நீரில் கரையாத டிடிடி, பிசிபி போன்ற பழைய நஞ்சுகள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-இல் அளந்தபோது, சுற்றியிருந்த நீரைவிடப் பல லட்சம் மடங்கு அடர்த்தியில் அவை குருணைமேல் சேர்ந்திருந்தன. பவளப்பாறைகளில் பிளாஸ்டிக் சிக்கினால் நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 89 சதவீதமாக ஏறுகிறது என்று ஆசிய பசிபிக் பகுதியில் 159 பாறைத் திட்டுகளைப் பார்த்தவர்கள் 2018-இல் எழுதினார்கள். வெளிச்சத்தை மறைப்பதும், உரசிக் காயப்படுத்துவதும், அந்தக் காயத்தில் கிருமி ஏறுவதும் சேர்ந்து நடக்கிறது. மன்னார் வளைகுடாப் பாறைகளில் அறுந்த நைலான் வலைகள் சிக்கிக் கிடப்பதும் இதே தொல்லைதான். கரைக்கு மேலே வந்தால் மாடு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே மாட்டின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள். சாப்பாட்டை முடிச்சுப் போட்ட கவரோடு வீசுகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது.

சரி, மீனுக்கு வருகிறேன். மீன் தின்கிற நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் பெரும்பாலும் அதன் குடலில்தான் இருக்கும். குடலை எடுத்துக் கழுவித்தான் நாம் சமைக்கிறோம். நெத்திலிக்குக்கூடத் தலையைக் கிள்ளும்போது குடலும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே முழுதாகச் சாப்பிடும் சிப்பி வகைகளில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். உப்பையும் பார்க்கலாம். தூத்துக்குடிக் கடல் உப்பில் கிலோவுக்கு 35 முதல் 72 துகள் வரை இருந்ததாக அங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2020-இல் வெளியிட்டார்கள். ஆழ்குழாய் நீரில் விளைந்த உப்பில் இன்னும் குறைவு. ஒருவர் நாளைக்குப் பத்து கிராம் உப்பு சாப்பிட்டாலும் கணக்குப்படி ஒரு துகள்கூட முழுசாக வராது. மின்விசிறிக்கு அடியில் மூடாமல் வைத்த சோற்றுத் தட்டில் பாலியெஸ்டர் துணியிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் உதிர்ந்து விழுகிற இழை அதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே மீனை விட்டுவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு மத்தியும் அயிலையும் கொடுக்கிற நன்மையின் முன்னால் இந்தத் துகள் கணக்கு ரொம்பச் சிறியது. கப்பல் மூழ்கிய சில வாரங்களுக்கு அந்த இடத்து மீனைத் தவிர்ப்பது வேறு விஷயம். அதற்குக் காரணம் எண்ணெய்.

அடுத்து ரத்தமும் மூளையும். இங்கே உண்மையும் மிகைப்படுத்தலும் கலந்து கிடக்கின்றன. வாரத்துக்கு ஒரு ஏடிஎம் கார்டு எடைக்குப் பிளாஸ்டிக் தின்கிறோம் என்று 2019-இல் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. இன்னும் சுற்றுகிறது. பின்னால் கவனமாகச் செய்த கணக்குகளில் அது மிகப் பெரிய மிகை என்று தெரிந்துவிட்டது. அதை மறந்துவிடலாம். 2022-இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது உண்மை. அதற்கு முந்தைய வருஷம் இத்தாலியில் நஞ்சுக்கொடியில் துகள் கண்டதும் உண்மை. மூளை விவகாரம் 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து வந்தது. இறந்தவர்களின் மூளையில் கல்லீரலைவிட அதிகப் பிளாஸ்டிக், 2016-ஐவிட 2024-இல் இன்னும் அதிகம் என்றார்கள். எனக்கு அந்த அளவுகளில் நம்பிக்கை குறைவு. மாதிரியைச் சூடாக்கிச் சிதைத்து, வருகிற வாயுவை வைத்து அளக்கும் முறை அது. கொழுப்பு சிதைந்தாலும் பாலிதீன் சிதைந்தாலும் ஒரே மாதிரிப் பொருட்கள் வரும். மூளையோ கொழுப்பு நிறைந்த உறுப்பு. பிளாஸ்டிக் அங்கே இருக்கலாம்; ஒரு ஸ்பூன் அளவு இருக்கிறது என்று செய்திகளில் வந்ததைத்தான் நான் ஏற்கவில்லை.

ஒதுக்கித் தள்ள முடியாத ஆய்வும் இருக்கிறது. 2024 மார்ச்சில் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு எடுத்த 257 பேரைப் பின்தொடர்ந்த கதையை வெளியிட்டார்கள். சுமார் 58 சதவீதம் பேரின் அடைப்பில் பாலிதீன் இருந்தது. கிட்டத்தட்ட மூன்று வருஷத்தில், பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபிக்காது. பிளாஸ்டிக் அதிகம் சேர்ந்தவர்களிடம் வேறு வேறுபாடுகளும் இருந்திருக்கலாம். ஆனாலும் இந்த வரிசையில் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற ஆய்வு இது ஒன்றுதான்.

துகள் விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள் இழுபறி இருக்கிறது. தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மனிதரைக் கொன்றது பற்றி எந்த இழுபறியும் கிடையாது. பிவிசி செய்ய உதவும் வினைல் குளோரைடு வாயுவால் அமெரிக்காவின் லூயிவில் ஆலைத் தொழிலாளர்களுக்கு அபூர்வமான கல்லீரல் புற்றுநோய் வந்தது 1974-இல் வெளியே தெரிந்தது. நைலானைப் பொடியாக நறுக்கும் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரல் கெட்டது தொண்ணூறுகளில் பதிவானது. பிளாஸ்டிக்கின் கேடு முதலில் விழுவது அதைச் செய்கிறவர் மேலும், கடைசியில் குப்பையிலிருந்து பொறுக்கிப் பிரிக்கிறவர் மேலும்தான். கடையில் வாங்கிப் பயன்படுத்துகிற நாம் நடுவில் இருக்கிறோம்.

இனி புகை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024-இல் போட்ட கணக்கில், உலகில் வருஷத்துக்குச் சுமார் 5.2 கோடி டன் பிளாஸ்டிக் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் சுற்றுச்சூழலில் சேர்கிறது. அதில் இந்தியாவின் பங்கு 93 லட்சம் டன், உலகிலேயே அதிகம். அதிலும் பாதிக்கு மேல் கடலுக்கோ ஆற்றுக்கோ போவதில்லை, திறந்தவெளியில் எரிக்கப்படுகிறது. ஆமையின் மூக்கில் சிக்கிய ஸ்ட்ராவைப் பார்த்து நாம் வருத்தப்படுகிற நேரத்தில் தெருமுனையில் குப்பை எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குக் குப்பை மறைந்துவிடுவதால் அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எரிவதில் எல்லாப் பிளாஸ்டிக்கும் சமமில்லை. பால் கவரும் கேரி பேக்கும் பாலிதீன்; எரிந்தால் கரியும் நுண்தூசியும் புற்றுநோய் வரவழைக்கும் சில ஹைட்ரோகார்பன்களும் வரும். அதுவே போதுமான கெடுதல். பிவிசி வேறு ரகம். அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். ஒயரின் மேல்தோல், பைப்பு, ரெக்சின், பிறந்தநாளுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வைக்கிற ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் பெரும்பாலும் பிவிசிதான். குளோரினோடு கார்பன் புகைந்து, பக்கத்தில் செம்பும் இருந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாக வேறெதுவும் தேவையில்லை. காயலாங்கடையில் போடுவதற்காக ஒயரைக் கொளுத்திச் செம்புக் கம்பி எடுப்பார்கள் பாருங்கள், டையாக்சின் செய்ய அதைவிடத் தோதான முறையை ஆய்வகத்தில்கூட யோசிக்க முடியாது. 850 டிகிரிக்கு மேல் நன்றாக எரிந்தால் அது சிதையும். குப்பைமேட்டுத் தீயோ கனன்று புகைகிற தீ; அந்தச் சூட்டை எட்டாது.

டையாக்சினில் மோசமான வகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது. நோய் எதிர்ப்பையும் ஹார்மோன்களையும் கருவின் வளர்ச்சியையும் அது பாதிக்கும். உடம்பில் கொழுப்பில் போய்த் தங்கும். பாதி அளவாகக் குறையவே 7 முதல் 11 வருஷம் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் பலர் கவனிக்காத ஒன்று: புகையை மூச்சில் இழுப்பதால் வருவதைவிட, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாப்பாட்டு வழியாகத்தான் அது நமக்குள் வருகிறது. புகை அடங்கியதும் சாம்பல் மண்ணில் கிடக்கும். கோழி கிளறும், மாடு மேயும். முட்டையிலும் பாலிலும் கொழுப்பு இருக்கிறது.

இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவில் ட்ரோபோடோ என்று ஒரு கிராமம். அங்கே டோஃபு செய்கிற பட்டறைகளில் விறகுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குப்பையை எரித்தார்கள். பணக்கார நாடுகளிலிருந்து பழைய காகிதத்தோடு கலந்து வந்த குப்பை. அந்தப் பட்டறைகளின் பக்கம் மேய்ந்த கோழிகளின் முட்டையை 2019-இல் சோதித்தார்கள். ஒரே ஒரு முட்டை சாப்பிட்டாலும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்குத் தாங்கலாம் என்று வைத்த டையாக்சின் அளவைப்போல 70 மடங்கு உள்ளே போய்விடும். வீட்டு நாட்டுக்கோழி முட்டை உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்குகிறவர்கள், அந்தக் கோழி எங்கே கிளறுகிறது என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

நம் ஊரிலும் இதற்குக் குறைவில்லை. 2018 போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகையில் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. மறு வருஷம் மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு ஒன்றரை வாரத்துக்கு மேல் புகைந்தது. மாநகராட்சிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பெரிய தீக்குப் படம் பிடிக்க ஆள் வருகிறார்கள். ஒவ்வொரு தெருவிலும் காலையில் பெருக்கிக் குவித்து வைக்கிற சின்னத் தீக்கு யாரும் வருவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரமும் அதுதான்.

மறுசுழற்சி இருக்கிறதே என்பீர்கள். 2015 வரை உலகம் தயாரித்த 830 கோடி டன்னில் குப்பையானது 630 கோடி டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம். தண்ணீர் பாட்டிலுக்கும் பால் கவருக்கும் விலை உண்டு, பொறுக்க ஆள் உண்டு. பல அடுக்கு ஒட்டிய ஷாம்பு சாஷேவுக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் காயலாங்கடையில் ஒரு பைசா கிடையாது. எரிகிறதில் அதுதான் நிறைய. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது. மஞ்சப்பை இயக்கமும் நடக்கிறது. அந்தத் தடைப் பட்டியல் வந்தபோது அதில் கேரி பேக்கும் ஸ்ட்ராவும் இருந்தன, கம்பெனிகள் போடுகிற பாக்கெட் வரவில்லை. பூக்கடைக்காரரிடம் அபராதம் வாங்குவது சுலபம் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. உற்பத்தியையே குறைக்கும் உலக ஒப்பந்தம் 2024-இல் பூசானிலும் 2025-இல் ஜெனீவாவிலும் எண்ணெய் நாடுகளின் முட்டுக்கட்டையால் நின்றுபோனது.

இனி சமையலறை. பிளாஸ்டிக்கோடு சேர்க்கப்படும் பொருட்கள் இறுக்கமாகப் பிணைந்திருப்பதில்லை. மென்மைக்குச் சேர்க்கும் தாலேட்டும், கண்ணாடிபோல் தெளிவான கெட்டிப் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டில் இருக்கும் பிஸ்பினால் ஏயும் ஹார்மோன்களோடு குறுக்கிடுபவை. பிஸ்பினால் ஏவைத் தாங்கும் அளவை அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் முன்பிருந்ததில் இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அவ்வளவு தூரம் கணிப்பு மாறியிருக்கிறது. இவை வெளியே வரச் சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம் ஆகிய நான்கும் உதவும். கவரில் கட்டிய சாம்பாரில் நான்குமே இருக்கின்றன. பேப்பர் கப்பும் தப்பாது. உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக்தான். அதில் 100 மில்லி சூடான தண்ணீரைக் கால் மணி நேரம் வைத்தால் சுமார் 25,000 நுண்துகள் இறங்குவதை ஐஐடி கரக்பூரில் அளந்தார்கள்.

பிள்ளைகளுக்குப் பால் புட்டி என்றால் கண்ணாடியோ எவர்சில்வரோ வாங்குங்கள். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால், கொதிநீரில் பவுடரைக் கலக்கி அதிலேயே குலுக்காமல், வேறு பாத்திரத்தில் கலக்கி ஆறவிட்டு ஊற்றுங்கள். சாம்பார், ரசம் வாங்க வீட்டிலிருந்து தூக்கு எடுத்துப் போங்கள். ஓட்டல்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மைக்ரோவேவ் ஓவனில் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அடியில் என்ன முத்திரை போட்டிருந்தாலும் சரி. வீட்டில் இருக்கிற டப்பாக்களைப் பயந்து தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதுவும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல் போட்டு வைக்க அவை போதும். ஊறுகாயையும் எண்ணெயையும் மட்டும் ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்.